கழுகு பொறித்த பொற்காசுகள்

பொன் துருப்பிடிப்பதில்லை; களிம்பு ஏறுவதில்லை; பல நூற்றாண்டுகள் மண்ணிற் புதைந்து கிடந்தாலும் தன் இயல்பை இழப்பதில்லை. ஆயினும் பொன்னால் அடித்த காசுக்கு இந்த அழியாமை வாய்ப்பதில்லை. கைமாறுந்தோறும் அதன் முகம் தேய்கின்றது. உருக்குவோர் கையில் அகப்பட்டாலோ சில கணங்களுள் அது காசென்னும் தன்மையை இழந்து வெறும் உலோகமாகி விடுகின்றது. ஆகவே, பொற்காசு ஒன்றின் தரம் யாது என வினவுவோர்க்கு இருவகை விடைகள் உண்டு. பொற்கொல்லர் உரைகல்லில் உரைத்து மாற்றுக் கண்டு கூறும் விடை ஒன்று. வரலாறு அறிந்த சேகரிப்பாளர் காசின் முகத்தையும் விளிம்பையும் உற்றுநோக்கிக் கூறும் விடை மற்றொன்று. முதல் விடையே பெரிதென மதிக்கப்பட்ட காலத்தில் எத்துணைக் காசுகள் அழிந்தன என்பதையும், எஞ்சியவற்றை இன்று எங்ஙனம் மதிப்பிடுகின்றனர் என்பதையும், 1795ஆம் ஆண்டு முதல் 1834ஆம் ஆண்டு வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிக்கப்பட்ட பொற்காசுகளின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பிரித்தானிய ஆட்சியினின்றும் விடுபட்ட காலத்தில் அவற்றுக்கெனத் தனிப் பொன் நாணயம் இருக்கவில்லை. ஸ்பானிய வெள்ளி டொலர், போர்த்துக்கேயப் பொற்காசு, ஆங்கிலக் கினி, பிரெஞ்சு நாணயம் ஆகியவையே சந்தையிற் புழங்கின. இக்குறையை நீக்குவதற்காக 1792ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 2ஆந் திகதி நாணயச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அக்காலத்தில் நாட்டின் தலைநகராய் விளங்கிய பிலடெல்பியாவில் நாணயசாலை ஒன்று அமைக்கவும், மூவகைப் பொற்காசுகளை அடிக்கவும் அச்சட்டம் வகை செய்தது. 10 டொலர் பெறுமதியான காசு கழுகு என்னும் பெயர் பெற்றது; 5 டொலர்க் காசு அரைக் கழுகு எனவும், இரண்டரை டொலர்க் காசு கால் கழுகு எனவும் வழங்கின.

கழுகுக் காசின் நிறை 270 கிரெயின், அதாவது ஏறத்தாழ பதினேழரைக் கிராம் என விதிக்கப்பட்டது. பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு தூய பொன்னாகவும், எஞ்சிய ஒரு பங்கு வெள்ளியும் செம்புமாகவும் இருத்தல் வேண்டும். நேயர்கள் பலரும் அறிந்த பவுணின் மாற்றும் இதுவே. இருபத்திரண்டு கரட் என்று கூறப்படுவது இதனையே. இம்மாற்றுக் குறையாதிருத்தற்குச் சட்டம் கடுமையான காவல்களை ஏற்படுத்திற்று. அடிக்கப்படும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில காசுகளை எடுத்து வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை பிரதம நீதியரசர் முதலிய உயர் அதிகாரிகள் முன்னிலையிற் சோதித்தல் வேண்டும் என்றது. நாணயசாலை உத்தியோகத்தர் எவரேனும் வஞ்சகமாகக் காசின் மாற்றைக் குறைத்தால், அல்லது பொன்னைக் கையாடினால், அவருக்கு மரண தண்டனை என்றும் விதித்தது. புதிய நாடு தன் நாணயத்தின் நேர்மையைத் தன் மானமாகக் கருதிய காலம் அது.

சட்டம் பிறந்த உடனே பொற்காசு பிறக்கவில்லை. பொன்னையும் வெள்ளியையும் கையாளும் நாணயசாலைப் பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரும் 10,000 டொலருக்குப் பிணை கொடுத்தல் வேண்டும் என்றிருந்தது. அத்துணைப் பெருந்தொகைக்கு அவர்களாற் பிணை காட்ட இயலவில்லை. 1794இற் பிணைத்தொகை குறைக்கப்பட்ட பின்னரே வெள்ளிக்காசு அடிக்கத் தொடங்கினர். 1795இல் நாணயசாலையின் இரண்டாவது பணிப்பாளராகச் சில மாதங்களே கடமையாற்றிய ஹென்றி டெசோசூர் என்பவர் பொற்காசு வெளிவர வேண்டுமென ஊக்கத்தோடு உழைத்தார். அவ்வாண்டு யூலை மாதம் 31ஆந் திகதி 744 அரைக் கழுகுக் காசுகள் முதன்முதலாக வெளிவந்தன. செப்தெம்பர் மாதத்திற் கழுகுக் காசும், அடுத்த ஆண்டிற் கால் கழுகுக் காசும் தொடர்ந்தன.

இக்காசுகள் செய்யப்பட்ட முறையை அறிந்தாலன்றி அவற்றின் தரத்தை எவரும் மதிப்பிட இயலாது. நாணயசாலைக்கென்று சொந்தமாகப் பொன் கிடையாது. வணிகரும் வங்கியினரும் கொண்டுவந்து ஒப்படைத்த அந்நிய நாணயங்களையும் பொற்பாளங்களையும் உருக்கி, மாற்றுப் பார்த்துச் சீர்செய்து, பட்டைகளாக வார்த்தனர். அப்பட்டைகளை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்கினர். தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டினர். பின்னர் ஒவ்வொரு வில்லையையும் தராசில் இட்டு நிறுத்தனர். நிறை குறைந்தது மீண்டும் உலைக்குச் சென்றது. நிறை மிகுந்ததை அரத்தினால் அராவிச் சரிப்படுத்தினர். இவ்வேலைக்கு 1795இற் சாரா வால்ட்ரேக், ரேச்சல் சம்மர்ஸ் என்னும் பெண்கள் இருவர் அமர்த்தப்பட்டனர். அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் பணியில் முதன்முதற் சேர்ந்த பெண்களுள் இவர்கள் வைத்து எண்ணப்படுகின்றனர்.

அராவிய வில்லை திருகு அச்சுப்பொறியில் வைக்கப்பட்டு மனிதர் கைவலியால் அடிக்கப்பட்டது. நீராவியால் இயங்கும் அச்சுப்பொறி பிலடெல்பியாவுக்கு வந்தது 1836இலேதான். கைவலியால் விழுந்த அடி, அரம் கீறிய கோடுகளை முற்றும் அழிக்கத் தக்க வலியுடையதாய் இருக்கவில்லை. ஆதலால் இக்காலத்துக் காசுகள் பலவற்றில், விளிம்பை ஒட்டியும் நடுவிலும், இணைகோடுகளாக அரத் தழும்புகள் காணப்படுகின்றன. காசுக்குரிய அச்சுகளும் கையாலேயே ஆக்கப்பட்டன. எழுத்து, எண், விண்மீன் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உளியால் உருக்கு அச்சிற் பதிக்கப்பட்டமையால் ஓரச்சு மற்றோரச்சைப் போல் அமையவில்லை. விரிந்த அச்சையும் எறிந்துவிடாது பயன்படுத்தினர். 1795 என ஆண்டு பொறித்த அரைக் கழுகுகளுட் சிலவற்றின் பின்புறத்திற் சில ஆண்டுகள் கழித்தே வழக்கில் வந்த பெருங்கழுகுச் சின்னம் காணப்படுதற்குக் காரணம், எஞ்சியிருந்த பழைய அச்சைப் பின்னர் எடுத்து அடித்தமையே.

முற்பட்ட காசுகளின் முகப்புறத்தில் மென்குல்லாய் அணிந்த சுதந்திர மங்கையின் உருவமும், பின்புறத்திற் கழுகும் அமைந்தன. இவற்றை வரைந்து அச்சமைத்தவர் ரொபேர்ட் ஸ்கொட் என்னும் செதுக்குநர். 1807க்கு முன் வெளிவந்த பொற்காசு எதிலும் அதன் பெறுமதி பொறிக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பொன்னின் நிறையும் மாற்றுமே அதன் பெறுமதி என மக்கள் கருதினர். ஆகவே எண் வேண்டப்படவில்லை. அந்தக் கருத்தே பின்னர் அக்காசுகளுக்குக் கேடாய் முடிந்தது.

1792ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிறை பொன்னுக்குப் பதினைந்து நிறை வெள்ளி ஈடாகும் என வகுத்தது. ஐரோப்பாவிலோ பொன்னின் விலை உயர்ந்து, பதினைந்தரை நிறையும் அதற்கு மேலும் வெள்ளி கொடுத்தனர். பிலடெல்பியாவில் 15 அவுன்ஸ் வெள்ளி கொடுத்து ஓர் அவுன்ஸ் பொன் வாங்கிய வணிகன், அதனைப் பாரிஸ் நகருக்கு அனுப்பிப் பதினைந்தரை அவுன்ஸ் வெள்ளி பெற முடிந்தது. இலாபம் உள்ள இடத்துக்குப் பொன் ஓடிற்று. வங்கிப் பெட்டகத்திலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து அந்நிய நாட்டு உலைக்கும் அமெரிக்கப் பொற்காசுகள் சென்றன. 1804ஆம் ஆண்டின் இறுதியோடு கழுகுக் காசு அடிப்பது நிறுத்தப்பட்டது. மீண்டும் அது மக்கள் புழக்கத்துக்காக அடிக்கப்பட்டது 1838இலேயாம். அரைக் கழுகு தொடர்ந்து அடிக்கப்பட்டதாயினும், அதனைக் கையிற் கண்டோர் சிலரே.

இந்நிலையை மாற்றக் கருதிய காங்கிரசு 1834ஆம் ஆண்டு யூன் மாதம் 28ஆந் திகதி மற்றொரு சட்டத்தை நிறைவேற்றிற்று. இதன்படி பொற்காசின் நிறையும் மாற்றும் குறைக்கப்பட்டன. பழைய அரைக் கழுகில் 123¾ கிரெயின் தூய பொன் இருந்தது. புதிய அரைக் கழுகில் 116 கிரெயினே இருந்தது. ஒன்றை மற்றொன்றிலிருந்து எளிதில் வேறுபடுத்தற்காகப் பழைய காசிலிருந்த இலத்தீன் வாசகம் புதியதில் நீக்கப்பட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே, 5 டொலர்ப் பெறுமதியுடைய பழைய காசு ஏறத்தாழ 5 டொலர் 33 சதம் பெறுமதியான பொன்னாகி விட்டது. அதனை 5 டொலருக்குச் செலவிடுவோர் யார்? அதுவரை தப்பியிருந்த பழங்காசுகளும் இப்பொழுது நாணயசாலைக்கே திரும்பி வந்து உருகின. மரண தண்டனையை விதித்துக் காத்த உயர்ந்த மாற்றே அக்காசுகளுக்குக் கூற்றுவனாயிற்று.

இவ்வழிவின் அளவை அறிய ஒரு சான்று போதும். 1822ஆம் ஆண்டில் 17,796 அரைக் கழுகுகள் அடிக்கப்பட்டதாக நாணயசாலைக் கணக்குக் கூறுகின்றது. இன்று அவ்வாண்டுக்குரியனவாக அறியப்பட்டவை மூன்றே மூன்று காசுகள். அவற்றுள் இரண்டு வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உடைமையாய் உள்ளன. மூன்றாவது மட்டும் தனியார் கையில் உள்ளது.

எஞ்சியவை எவ்வாறு எஞ்சின? பிலடெல்பியா நாணயசாலையிற் பல்லாண்டு கடமையாற்றிய அடம் எக்ஃபெல்ட் என்பவர், உருக்குவதற்கென வந்து குவிந்த காசுகளிடையே அரியவற்றைக் கண்டபொழுதெல்லாம் அவற்றைத் தனியே எடுத்து வைத்தார். அச்சேகரிப்பே 1838இல் நாணயசாலைக் காட்சிப்பேழை என்னும் பெயரால் முறையாக நிறுவப்பட்டது. 1923இல் ஸ்மித்சோனியனுக்கு மாற்றப்பட்டது. உலைக்குச் செல்லும் பொன்னை ஒருவர் நின்று நோக்கியமையால் வரலாறு அடைந்த நன்மை பெரிது. வேறு சில காசுகள் குடும்பப் பேழைகளில் நினைவுப் பொருளாகத் தங்கின. இன்னுஞ் சில துளையிடப்பட்டு மாலையிற் கோக்கப்பட்டன, அல்லது கண்ணி வைத்துப் பற்றாசு கொண்டு ஒட்டப்பட்டுப் பதக்கமாயின. இவை உலைக்குத் தப்பினும் ஊறுக்குத் தப்பவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மற்றோர் ஆபத்து வந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1933ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 5ஆந் திகதி, சனாதிபதி ரூஸ்வெல்ட் மக்கள் தம்மிடமுள்ள பொன் நாணயங்களை வங்கியில் ஒப்படைக்குமாறு கட்டளை பிறப்பித்தார். ஆயினும், அரிய நாணயங்கள் எனச் சேகரிப்பாளரால் மதிக்கப்பட்டவற்றுக்கு அக்கட்டளை விலக்களித்தது. அப்பொழுது திறைசேரிச் செயலாளராய் இருந்த வில்லியம் உட்டின் தாமே பெயர்பெற்ற நாணயச் சேகரிப்பாளர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. காசுக்கு உலோகப் பெறுமதி ஒன்று, வரலாற்றுப் பெறுமதி மற்றொன்று என்பதை அரசாங்கக் கட்டளை ஒன்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் அது. பொன் உடைமை மீதான தடை 1974ஆம் ஆண்டின் இறுதியில் முற்றாக நீங்கிற்று.

இனி, எஞ்சிய காசொன்றின் நிலையை அறியும் முறையை நோக்குவோம். அறிந்தோர் காசை விளிம்பிற் பற்றி, மென்துணி விரித்த மேசையின் மேல், ஒரே விளக்கின் ஒளியில் மெல்லச் சாய்த்துப் பார்ப்பர். முகத்திற் காணும் ஒவ்வொரு குறியையும் மூன்று வகையுள் ஒன்றாகப் பிரித்தறிதலே இக்கலையின் உயிர். நாணயசாலையிலேயே உண்டான குறி முதல்வகை. புழக்கத்தால் உண்டான தேய்வு இரண்டாம் வகை. பின்வந்தோர் கையால் உண்டான ஊறு மூன்றாம் வகை.

அரத் தழும்பும், அச்சு விரிந்தமையால் உண்டான புடைகோடும், அடி வலி குறைந்தமையால் தெளிவின்றி விழுந்த விண்மீனும் முதல்வகையைச் சார்ந்தவை. இவை குறை எனக் கருதப்படினும் குற்றம் அல்ல. கையாற் கீறிய கோட்டிலிருந்து அரத் தழும்பைப் பிரித்தறிதல் எளிதன்று. தழும்பு அடி விழுவதற்கு முற்பட்டது. ஆகவே உருவத்தின் எடுப்பான பகுதிகளில் அது அமுங்கியும் மழுங்கியும் தோன்றும். பிற்காலக் கீறலோ எல்லாவற்றின் மேலும் கூர்மையாக ஓடும்.

தேய்வு முதலிற் புலப்படுவது உருவத்தின் மேடான இடங்களிலே. மங்கையின் நெற்றிக்கு மேலுள்ள கூந்தல், குல்லாயின் மடிப்பு, கழுகின் மார்பு, இறகின் ஓரம் ஆகியவற்றை நோக்குதல் வேண்டும். ஆயின் அடி வலி குறைந்தபோதும் அவ்விடங்களே தெளிவிழந்து தோன்றும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒளி. அச்சின் அழுத்தத்தால் உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வழிந்தோடும்பொழுது, கண்ணுக்குப் புலனாகாத நுண்வரிகள் உண்டாகின்றன. காசைச் சாய்த்தால், வண்டிச் சக்கரத்தின் ஆரைக்கால்கள் சுழல்வது போல ஒளி அவ்வரிகளின் மீது சுழலும். இடம் தெளிவற்றிருந்தும் ஒளி அதன்மீது தடையின்றிச் சுழலுமாயின் அது அடியின் குறை; ஒளி அவ்விடத்தில் இறந்து மங்குமாயின் அது தேய்வு.

மூன்றாம் வகையே பெருங்கேடு. காசு அழகாகத் தோன்ற வேண்டுமென்று துலக்குவோர், அமிலத்தில் தோய்ப்போர், துளையைப் பொன்னால் அடைப்போர், பற்றாசின் தடத்தை மழுக்குவோர் ஆகியோர் செய்யும் தீங்கு பின்னர் எவராலும் சீர்செய்ய இயலாதது. துலக்கிய காசு மிகப் பளபளக்கும். ஆயின் அந்தப் பளபளப்பு அச்சு தந்த ஒளியன்று. வில்லாடியிற் பார்த்தால் மயிரிழை போன்ற கோடுகள் ஒரே திசையில் ஓடுவதைக் காணலாம். பழங்காசின் இயல்பான நிறமோ அடங்கியது. கலந்த செம்பும் வெள்ளியும் மிகுந்தும் குறைந்தும் இருந்தமையால் சிலவற்றிற் செம்மையும், சிலவற்றிற் பசுமை தோய்ந்த மஞ்சளும் காணப்படும். பழகிய கண் இந்த அடக்கத்தையே தேடும். பொய்க்காசை அறிதற்கு நிறையும் ஒப்படர்த்தியும் உதவுகின்றன. காற்றிலும் நீரிலும் நிறுத்துக் கணித்தால் இருபத்திரண்டு கரட் பொன்னின் ஒப்படர்த்தி ஏறத்தாழப் பதினேழரையாக அமைதல் வேண்டும்.

இவ்வாறு ஆராய்ந்து கண்ட நிலையை முன்னாளிற் சொல்லாற் கூறினர்: நன்று, மிக நன்று, நேர்த்தியானது, புழங்காதது என்றவாறு. ஒருவர் நன்று என்றதை மற்றொருவர் மிக நன்று என்றார். வாங்குவோரும் விற்போரும் முரண்பட்டனர். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்கச் செப்புச் சதங்களைப் பற்றி எழுதிய நூலில், 1 முதல் 70 வரையான எண்வரிசை ஒன்றை அமைத்தார். மிக இழிந்த நிலையிலுள்ள காசு 1 டொலர் பெறுமானால், மாசற்ற நிலையிலுள்ளது 70 டொலர் பெறும் என்பதே அதன் அடிப்படை. அவ்விலை விகிதம் விரைவிற் பொருந்தாது போயிற்று, எண்ணோ நிலைத்துவிட்டது. 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாணயவியற் சங்கம் அதனைத் தழுவி எல்லா நாணயங்களுக்கும் பொதுவான தர அளவை ஒன்றை வெளியிட்டது. 60 முதல் 70 வரை புழங்காத காசு. 50 முதல் 58 வரை சிறிதே புழங்கியது. 40, 45 என்பன மேடுகள் மட்டும் தேய்ந்தது. 1986இலும் 1987இலும் தொடங்கிய தனியார் நிறுவனங்கள், காசை ஆராய்ந்து எண் வழங்கி, தெளிந்த உறையிலிட்டு முத்திரையிடும் முறையைப் பரப்பின.

எண் வந்தமையால் நன்மை உண்டு. தொலைவிலுள்ள ஒருவர் காசைக் காணாமலே அதன் நிலையை ஓரளவு அறிய முடிந்தது, பொய்யும் குறைந்தது. ஆயின் தீமையும் உடன் வந்தது. ஓர் எண் உயர்ந்தாற் பல்லாயிரம் டொலர் விலை உயரும் என்ற நிலையில், உயர்ந்த எண்ணை நாடிக் காசை மீண்டும் மீண்டும் சோதனைக்கு அனுப்புவோரும், அதன் முகத்தைச் சிறிதே துலக்கி அனுப்புவோரும் தோன்றினர். இருநூறு ஆண்டுகளாக இயல்பான நிறத்தோடு இருந்த காசு, உடையவரின் பேராசையால் ஒரே நாளில் அந்நிறத்தை இழக்கின்றது. எண் ஒரு சுருக்கக் குறிப்பேயன்றிக் காசின் முழு வரலாறு அன்று. அரத் தழும்புடைய காசு எண்ணிற் சிறிது தாழலாம். ஆனால் துலக்கப்படாத அதன் முகம், குறையற்றதென்று தோன்றும் துலக்கிய முகத்தினும் மேலானது.

எண் மட்டும் மதிப்பன்று என்பதற்கு 1822ஆம் ஆண்டின் மூன்றாவது அரைக் கழுகே சான்றாகும். அது புழக்கத்திற் சிறிது தேய்ந்த காசு. அதற்கு வழங்கப்பட்ட எண் 50. எழுபதுக்கு அது எவ்வளவோ தாழ்வு. ஆயினும் 1982இல் நடந்த ஏலத்தில் அதன் விலை 687,500 டொலர். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்த ஏலத்தில் 84 இலட்சம் டொலர். டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹரி பாஸ் என்பாரும் எண்ணை மட்டும் நாடவில்லை. ஓரச்சுக்கும் மற்றோரச்சுக்கும் உள்ள வேறுபாட்டை நோக்கி, தேய்ந்ததாயினும் புதிய செய்தி ஒன்றைச் சொல்லும் காசை விரும்பித் தேடினார். அவருடைய சேகரிப்பின் துணைகொண்டு எழுதப்பட்ட நூல் 2006இல் வெளிவந்து, பழம் பொற்காசுகளின் அச்சு வகைகளை ஆராய்வோர்க்கு வழிகாட்டியாய் அமைந்தது.

மாற்றினால் மட்டும் மதிக்கப்பட்ட நாளில் இக்காசுகள் உலையில் உருகின. எண்ணினால் மட்டும் மதிக்கப்படும் நாளில் அவற்றின் முகம் துலக்கலில் அழிகின்றது. இரண்டும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள். கண்ணாற் கண்டு ஆராய்ந்து அறிய வேண்டியதை ஒரே அளவுகோலால் முடித்துவிட முயலும் தவறு. 1795இல் தராசின் முன்னமர்ந்து, சட்டம் விதித்த நிறைக்கு மிகுந்த பொன்னை அரத்தால் அராவிய கை இன்றில்லை. அக்கை கீறிய கோடுகளோ ஒருசில காசுகளில் இன்றும் உள்ளன. அக்கோடுகளை அவ்வாறே விட்டுவைக்கும் சேகரிப்பாளர் காசின் தரத்தை உண்மையாக அறிந்தவராவார்.